பிரித்துத் தைத்த கட்டங்கள்

எங்கள் அக்கா தேவ சமாதானத்துக்குள் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவுக் குறிப்பை எழுதி எழுதிக் கிழித்தேன். எதையாவது விட்டுவிடுவேனோ, யாராவது மனம் வருந்துவார்களோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். சுரங்கத்தை மூடி அப்பாவுக்கு ஷிஃப்ட் இல்லாமல் போனதும் கல்லூரியை விட்டுவிட்டு, விடியற்கால ரயில் ஏறி பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தவரும் கரை சேர்த்தவரும் அவரே. தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

தொழிற்சாலையில் கழித்த துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி வருவார். சனிக்கிழமைகளில் சாம்பியன் ரீப்ஸ் ஆலயக் கூடத்தில் பெண்கள் கூடி அவற்றைக் கட்டம் கட்டமாக இணைப்பார்கள். கட்டங்களைச் சேர்த்து, அடியில் பழைய சேலை கொடுத்துத் தைத்தால் போர்வை. குளிர் தொடங்குமுன் பேத்தமங்களா பக்கத்துக் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்விடும்.

அக்கா கண்ணுக்குக் கோணல் தப்பாது.

"இன்னா ரோசி, தையலு ரயிலு வளைவாட்டம் போவுது? பிரி."

"சும்மா குடுக்கறதுதானேக்கா!"

"கடையில வாங்கினா திருப்பிக் குடுக்கலாம். அந்தப் பசங்க யாராண்ட போயி கேக்கும்?"

நோய் வந்தபின் சிகிச்சையில் அவருடைய விரல்கள் மரத்துப்போயின. அப்போதும் படுக்கையில் சாய்ந்து கையாலேயே தைத்தார். "நான் பாத்துக்கறேன், நீ கொழந்தையப் பாரு" என்று, கைக்குழந்தையோடு வந்து நிற்கும் என்னை விரட்டுவார்.

அவர் மறைந்தபின் தலையணை அருகே ஒரு போர்வைக்கான கட்டங்கள் இருந்தன. தையல்கள் நீள நீளமாய், தளர்ந்து, ஓரம் தப்பி ஓடியிருந்தன. ஒரு துவைப்புக்குத் தாங்காது.

பிரித்தால் அக்காவின் கடைசிக் கைவேலை போய்விடும். அப்படியே கொடுத்தால் ஏதோ ஒரு பிள்ளையின் கால்விரல் மாட்டிக் கிழியும். என் மகளுக்கே வைத்துக்கொள்ளலாமா? அது இல்லத்துப் பிள்ளைகளுடையதாயிற்றே? மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல், குளிர் நெருங்கியதும் கூடத்துக்கு எடுத்துச் சென்றேன்.

அக்காவோடு ரயிலில் போய்வந்த சரோஜா அக்கா கட்டங்களை மார்போடு அணைத்துக்கொண்டார். "பிரிக்காதீங்கம்மா. அவங்க கை பட்டது."

"என் தையல எத்தினி வாட்டி பிரிக்க வெச்சாங்க!" என்றார் ரோசி அக்கா. "இப்ப அவங்களுக்கு மட்டும் சலுகையா? மேலேந்து திட்டுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பிரிக்கலாம்" என்றேன்.

முதல் கட்டத்தை நானே பிரித்தேன். தையல் அவ்வளவு தளர்வு. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அந்த நூலை எடுத்து வைக்கத்தான் நினைத்தேன். மகள் வாயில் போட்டுக்கொள்வாளோ என்று குப்பையில் போட்டுவிட்டேன். அதற்காக இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

சிகிச்சை நாள்களில் வண்டி தந்தவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், ஜெபித்தவர்களுக்கும், புதிதாய்த் தைத்துத் தந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அந்தப் போர்வை இன்று ஆராதனைக்குப்பின் கூடத்தில் விரித்திருக்கும். நாளை இல்லத்துக்குப் போகிறது. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். கூச்சப்படாமல் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள். எங்காவது தையல் விட்டால் இன்றே சொல்லுங்கள்.