மெல்சோரின் முகத்துக்கு ஒரு தகடு

மெல்சோர் சாம்பி நாலே முக்கால் அடி. எங்கள் மலைநகரமான குஸ்கோவில் அவரைவிடக் குட்டையான ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் கோவேறு கழுதை இல்லை. படம் பிடிக்கும் அபெலார்தோ யேப்பஸுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. பெட்டிகளைச் சுமக்கக் கழுதை. இன்காக்கள் கட்டிய சுவரோடு ஒட்டி நின்று கல்லைப் பெரிதாகக் காட்ட ஒரு குட்டை மனிதர்.

பதினோரு வருடம் அவர் அப்படி நின்றார். எங்கள் பக்கத்து இடிபாடுகளில் அவர் நிற்காதது குறைவு. வெளிநாட்டுப் புத்தகங்களிலெல்லாம் இருக்கிறார், எறும்பளவில். அவர் மனைவி அசுந்தா சிச்சாக் கடை, அதாவது மக்காச்சோளக் கள்ளுக்கடை, வைத்திருந்தாள். படத்தைக் காட்டினால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள்.

"இது நீயா? ஈ பீ பேண்டிருக்குன்னு நெனச்சேன்."

முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டுமென்று மெல்சோர் கேட்காத நாளில்லை. ஒயாந்தாய்தம்போ இடிபாடுகளுக்குக் கிளம்பிய அன்று யேப்பஸ் ஒருவழியாக இறங்கிவந்தார்.

"பன்னெண்டு கண்ணாடித் தகடு கொண்டு போறோம், தகடுக்கு ஒரு படம். கடைசித் தகடு உன் மூஞ்சிக்கு. போதுமா?"

போய்ச் சேர்ந்ததும் யேப்பஸ் கறுப்புக் கூடாரத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை கேமராவில் ஏற்றினார். பிறகு எந்தப் பக்கமிருந்து எடுப்பதென்று பார்க்க மேலே ஏறிப் போனார். மெல்சோரின் கண் தகட்டுப் பெட்டிமேல் விழுந்தது. புத்தம் புதுப் பெட்டி, பிரான்சிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் வீடானாலும் பன்றியானாலும், புதியது எதற்கும் நாலு சொட்டுச் சிச்சா தெளித்து, மண்ணுக்குக் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்தைக் குடித்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். மூடிமேல் தெளித்தால் அது மூடிக்குத்தானே சேரும்? மெல்சோர் நேர்மையான ஆள். பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு தகடாகக் கறுப்புத் தாளைப் பிரித்து, நடுப்பகல் வெயிலில் பக்தியோடு தெளித்தார்.

யேப்பஸ் மேலிருந்து ஓடிவந்தார். "டேய்! என்னடா பண்ற?"

"உங்க நல்லதுக்குத்தான் முதலாளி. ஒண்ணையும் விடல."

"வெளிச்சம் பட்டாலே தகடு செத்துச்சுடா! பதினொண்ணும் போச்சு!"

மெல்சோர் யோசித்தார். "அப்ப கேமராக்குள்ள இருக்கறதுதான் கடைசி. கடைசி எனக்குன்னீங்க."

"அது ராட்சதக் கல்லு படம் கேட்ட லீமா பேராசிரியருக்கு. போய்க் கல்லுகிட்ட நில்லு!"

"கல்லு எங்கயும் ஓடிடாது. நாளைக்கும் நிக்கும்."

"நீயும் நாளைக்கு நிப்ப."

"இன்னிக்கே நிக்கப் போறதில்ல." கழுதையின் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

யேப்பஸ் அங்கே வரிசையாக நிற்கும் ஆறு பெருங்கற்களையும் ஆளில்லாமல் எடுத்து லீமாவுக்கு அனுப்பினார். பதில் வந்தது: "தோட்டத்துச் சுவர் அழகாக இருக்கிறது. நான் கேட்ட ராட்சதக் கற்கள் எப்போது வரும்?"

கடிதத்தோடு யேப்பஸ் சிச்சாக் கடைக்கு வந்தார். "மெல்சோர், நாளைக்குக் கிளம்பலாமாப்பா?"

"முதல் தகடு எனக்கு. இங்கயே, இப்பவே."

கேமரா வந்தது. மெல்சோர் நாற்காலியில் கல்லாக உட்கார்ந்தார்.

"கொஞ்சம் சிரியேன்."

"நீங்க நொடியை எண்ணுங்க முதலாளி."

அந்தப் படத்தைச் சிச்சாப் பானைகளுக்கு மேலே நான் பார்த்திருக்கிறேன். மார்புவரை மெல்சோர், பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர். ஒப்பிட்டுப் பார்க்க அருகில் ஒன்றுமில்லை. கால் விழுந்து, எழ முடியாமல் மூலையில் உட்கார்ந்திருந்த வயதில், மெல்சோர் வெளியூர்க்காரர்களுக்கு அதைக் காட்டிச் சொல்வார்: "அப்ப நான் ஆறடி."

அசுந்தா மறுத்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.