நான் சொன்ன ‘நார்மல்’

புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வரும் மறதியைச் சோதிப்பதுதான் திருச்சியில் என் வேலை. கீமோ முடிந்த ஸ்ரீரங்கத்துக் கணக்கு டீச்சர் ஒருவர், “பாதிக் கணக்குல நின்னுடறேன் டாக்டர்” என்று கண்கலங்கினார். சோதனையில் சராசரி மதிப்பெண் வந்ததால், “நார்மல்தான், கவலைப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

“வேலையை விட்டுட்டேன். பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லித் தர மனசு வரல. நீங்க நார்மல்னு சொன்னதும், நான் நடிக்கிறேன்னுட்டாரு வீட்டுக்காரரு” என்றார், கோபமே இல்லாமல்.

நான் கூனிக் குறுகிப் போனேன். ஊருக்குச் சராசரியான மதிப்பெண், கணக்கிலேயே ஊறிய அவருக்கு எவ்வளவு பெரிய சரிவு என்று நான் யோசிக்கவே இல்லை. அன்றே அவர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம், “அவங்க சொன்னது நிஜம். தப்பு என்னோடது” என்றேன். கணவர் தலைகுனிந்தார்.

போன வேலை திரும்பவில்லை. இப்போதெல்லாம் யார் வந்தாலும், முன்பு எப்படி இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். வெட்கம் மட்டும் குறையவில்லை.