சட்டியில் மிச்சமிருந்த கறுப்பு

வன்பென் அக்காவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? தெருமுனையில அவ நூடுல்ஸ் கடை, எதிர்ல நான் பன்றிக்கறி சுடுற அடுப்பு. வானம் கறுத்தா, இப்படி நாலு தரம் கறுத்தா மூணு தரம் கொட்டும்னு சொல்லி அன்னைக்குப் பாதி சூப்தான் வைப்பா. நான் வீம்புக்கு மொத்தக் கறியையும் குச்சியில கோத்து, நனைஞ்சதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன். புருஷன் செத்தப்புறம் ஒத்தையா நின்னு மாடிவீடு கட்டினவ. ஊரே அவகிட்ட யோசனை கேக்கும். என்கிட்ட இன்னொரு குச்சி கேக்குறதோட சரி.

என் மகன் மோட்டும் அவ மகன் தோங்கும் ஒரே வயசு. ஏப்ரல்ல ரெண்டு பேருக்கும் பட்டாளச் சீட்டு எடுக்க அழைப்பு வந்துச்சு. கறுப்பு வந்தா வீடு, சிவப்பு வந்தா ரெண்டு வருஷம் பட்டாளம். எனக்கு இருக்கிறதே மோட் ஒருத்தன்தான். கறுப்பு வந்தா புத்தருக்கு நூறு அவிச்ச முட்டை படைக்கிறதா வேண்டிக்கிட்டேன். அவ முந்நூறு வேண்டியிருக்கான்னு தெரிஞ்சதும் ஐந்நூறாக்கினேன்.

சீட்டு எடுக்கிற கூடத்துல எங்க ஊருக்கு இருபது பையன், ஒரு சட்டியில இருபது சீட்டு, அதுல அஞ்சு சிவப்பு. கடைசிக்கு முந்தினவன் மோட், கடைசி தோங். பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. தோங் முறை வர்றதுக்குள்ள சிவப்பெல்லாம் தீர்ந்துடுமே!

"கடைசி இடம். கொடுத்துவச்சவ நீ," ன்னேன்.

"எங்க நின்னாலும் நாலுல ஒண்ணுதான் ரச்சனி. போகப் போகத்தான் மாறும். முன்னால கறுப்பா போனா நம்ம பிள்ளைங்களுக்குத்தான் ஆபத்து."

பெரிய கணக்கு வாத்தியாரம்மான்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

முதல் எட்டுப் பேருக்கும் கறுப்பு. ஒவ்வொண்ணுக்கும் கூடமே கைதட்டிக் கூத்தாடுச்சு, நானும்தான். அவ மட்டும் வெளிறிப்போய் உக்காந்திருந்தா. அடுத்தவன் சந்தோஷம் பொறுக்கலை பாருன்னு நினைச்சேன். அப்புறம் சட்டியைப் பார்த்தேன். மிச்சம் பன்னிரண்டு, அதுல அஞ்சு சிவப்பும் அப்படியே கிடக்கு. என் கை தானா நின்னுடுச்சு. இத்தனை நேரம் என் பிள்ளைக்கு எதிராத்தான் கைதட்டியிருக்கேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு சிவப்புக்கும் உள்ளுக்குள்ள கும்பிட்டேன். கடைசியில சட்டியில ரெண்டே சீட்டு, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கறுப்பு. மோட் கையை விட்டான்.

கறுப்பு.

நான் போட்ட கூச்சல்ல கூரை அதிர்ந்துச்சு. தோங் மிச்சமிருந்ததை எடுத்து, பிரிச்சுக்கூடப் பார்க்காம அதிகாரி கையில கொடுத்தான்.

தோங் கிளம்பின அன்னைக்கு ஊரே அவ கடையில கூடிடுச்சு. தோத்தாலும் அவளுக்குத்தான் கூட்டம். ஜெயிச்ச என்னை ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கலை. எனக்கு மறுபடியும் எரிஞ்சுது.

மோட் குச்சி கோத்துக்கிட்டிருந்தவன் கையைக் கழுவினான்.

"தோங் வர்ற வரைக்கும் பெரியம்மா கடையில நிக்கப்போறேன்மா," ன்னான். "இருந்தது ஒரே கறுப்பு. அதை நான் எடுத்துட்டேன்."

ரெண்டு வருஷமுமாடான்னு கேட்டேன். தலையாட்டிட்டுத் தெருவைத் தாண்டிப் போனான்.

ஐந்நூறு முட்டை வேண்டி நிறுத்தின என் பிள்ளை, எதிர்க்கடையில அவளுக்குக் கிண்ணம் கழுவிக்கிட்டிருந்தான்.