சிவப்புக் கயிற்றை இழுத்தவர்

காலை 6.50, சேலம் புதிய பேருந்து நிலையம். நாமக்கல் பேருந்தில் ஏறிப் புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் கேட்டேன், முப்பத்தைந்து ரூபாய். அங்கிருக்கும் முட்டைப் பவுடர் ஆலையைப் பின்லாந்து நிறுவனம் ஒன்று வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அதன் சென்னை அலுவலகத்தில் இருக்கும் என்னை, ஆலையின் புது மேலாளருக்கு ஒருநாள் மொழிபெயர்க்க அனுப்பியிருந்தார்கள்.

ஆலையின் பெயரைச் சொன்னதும் நடத்துனர் நிமிர்ந்தார். "ஏனுங்க தம்பி, ஆளக் குறைக்க வந்தீங்களா?"

"இல்லைங்க, சும்மா பேச வந்தேன்."

"போன மாசம் வந்தவரும் அப்படித்தானுங்க சொன்னாரு."

ராசிபுரத்தில் நெய் டின்களோடு இருவர் ஏறினார்கள். அதன்பின் இருபுறமும் கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள்தாம். சன்னலை மூடினாலும் வாசம் உள்ளே வந்துவிடுகிறது.

8.10, ஆலை. முட்டை உடைக்கும் வரிசைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு. தவறு கண்டால் யார் வேண்டுமானாலும் இழுத்து இயந்திரத்தை நிறுத்தலாம். பின்லாந்தில் தினமும் இழுக்கிறார்களாம். இங்கே ஒருவர்கூடத் தொட்டதில்லை. ஏன் என்று கேட்கச் சொன்னார் மேலாளர் மிக்கா. கேட்டேன்.

ஒரு பெண் மட்டும் முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "இழுத்தவ பேரு மேல போகுமில்லீங்க?"

11.20. இயந்திரம் நின்றது. இழுத்தவர் வரிசையில் நின்ற இன்னொரு பெண், சாந்தி. கெட்ட முட்டை ஒன்று தொட்டிக்குப் போகவிருந்ததைப் பார்த்துவிட்டார். மிக்கா முகமெல்லாம் மகிழ்ச்சியாக ஓடிவந்தார். சாந்தியை நடுவில் நிறுத்தி, நிதானமாக, ஓங்கிக் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. சாந்தி தலையுறையைக் கழற்றி வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பேருந்து நிறுத்தத்தில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"அக்கா, அவர் பாராட்டினாருங்க."

"பாராட்டறவங்க இப்படி நடுவுல நிக்க வெச்சா தட்டுவாங்க? பையன் இப்பத்தான் காலேஜ் சேந்திருக்கறான். வேலைய விட்டு அனுப்பறதுன்னா நேராச் சொல்லச் சொல்லுங்க."

"வேலையெல்லாம் போகாதுங்கக்கா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். சென்னையில் இதே நிறுவனம் வந்த புதிதில் ஒரு கணக்காளருக்குக் கைதட்டினார்கள். இப்போது அவர் இருக்கையில் வேறொருவர். தானாகப் போனாரா, அனுப்பினார்களா, யாரும் சொல்வதில்லை.

அதற்குள் மிக்காவே வெயிலில் ஓடிவந்துவிட்டார். தன்மேல் என்ன தவறு என்று கேட்கச் சொன்னார். சாந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையத் தட்ட வேண்டாமுங்க. எனக்கு வேலை இருக்குதுன்னு உள்ள வந்து சொல்லச் சொல்லுங்க, எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி."

மிக்கா வந்து சொன்னார். அதை நான் தமிழில் உரக்கச் சொன்னேன். சாந்தி தலையுறையை மாட்டிக்கொண்டார். வரிசை மறுபடி ஓடியது.

மாலை 5.40. திரும்பும் பேருந்தில், காலையில் பதில் சொன்ன பெண் முன் இருக்கையில் இருந்தார்.

"இனி நீங்களும் கயித்த இழுப்பீங்களா?"

"அடுத்த மாசமும் சாந்தி வேலைல இருக்கட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

ராசிபுரத்தில் அவர் இறங்கியதும் கைப்பேசியைப் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டதல்லவா என்று மிக்கா கேட்டிருந்தார். அந்தப் பெண் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். என் பங்குக்குச் சேர்க்க எதுவும் இல்லை. எனக்கும் அதே சந்தேகந்தான்.