கண்டக்டர் சொன்ன அந்த வார்த்தை

தோழிகளே, படித்ததும் கிழித்துவிடுங்கள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்கு, காஜா பெராங்குக்கு, வந்துகொண்டிருந்தேன். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டுகிறவர் ஏணியை நடுச்சாலையில் நிறுத்தியிருந்தார். எங்கள் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, அவரைத் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அதை இங்கே எழுத மாட்டேன்.

அதைக் கேட்டபிறகு பஸ்ஸில் எல்லோர் குணமும் மாறிவிட்டது. தினமும் பெண்களுக்கு எழுந்து இடம் கொடுக்கும் துணிக்கடைக்காரர் என் காலை மிதித்துக்கொண்டு இறங்கினார். நானும் யாரையோ இடித்தேன்.

பக்கத்தில் இருந்த கம்போங் செட்டி கிராமத்துப் பெண்மணி மட்டும் அமைதியாக இருந்தார். அந்தக் கிராமத்துச் செட்டிகள் தலைமுறைகளாக மலாய்தான் பேசுகிறார்கள்; அவருக்குத் தமிழ் தெரியாது. கண்டக்டர் என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டார்.

"வழிவிடச் சொல்கிறார்" என்றேன்.

"பொம்பளப் பிள்ள வாயில கெட்ட வார்த்த வந்தா, அன்னிக்கே பள்ளிக்கூடம் நின்னுச்சு." இது அப்பாவின் சட்டம்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் வாளி என் காலில் விழுந்தது. அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. பின்னால் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி சொன்ன? இரு, அப்பா வரட்டும்!" என்று திரும்பியதில் விரலை வெட்டிக்கொண்டார். உடனே அதே வார்த்தையைச் சொன்னார். என்னைவிடத் தெளிவாக.

நான் ஓடிப்போய் அவர் விரலில் துணி சுற்றினேன்.

இரவு சாப்பிடும்போது அப்பா, "ஏன் ரெண்டு பேரும் வாயே தொறக்கல?" என்றார்.

"மீன்ல முள்ளு அதிகங்க" என்றார் அம்மா.

ஆகவே நாளை பள்ளிக்கு வருவேன். உங்கள் அம்மாக்களுக்கும் அந்த வார்த்தை தெரியுமா? தைரியம் உள்ளவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.