கோகிலவாணிக்குப் பிடிக்காதவை

கோகிலவாணி அக்காவின் நாக்கு நடுவில் மிளகளவு மச்சம் ஒன்று உண்டு. கருநாக்கு என்பார்கள். அது என்ன சொன்னாலும் பலிக்குமாம். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முதல்நாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "எங்க, நாக்க நீட்டுங்க" என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தவள் நான்.

கள்ளக்குறிச்சியில் அத்தாவின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் மெக்சிகோக்காரர்களோடு நாலு வருஷம் போனில் மாரடித்துக் கற்ற பாஷை. "ஏம்மா ஃபரீன், இந்த ஊர்ல யாரு வந்து கத்துக்கப்போறாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். மிஞ்சியவள் அக்கா. வயது நாற்பத்தொன்று.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடக்கமுடியாத பெரியவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைக்கிற வேலை அவளுக்கு. ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்துக்கு இதே வேலைக்கு ஒரு ஏஜென்சி ஆள் எடுத்தது. கம்ப்யூட்டரில் கால்மணி நேரப் பேட்டி, அதுதான் பரீட்சை; ஸ்பானிஷில் பேசித் தேறினால் போகலாம். எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அங்க யாருக்கும் என் நாக்கு தெரியாதில்ல பாப்பா. எதிர்ல குந்திகினு பயமில்லாம பேசுவாங்க."

அவ்வளவுதான் அவள் ஆசை.

கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவள். ஆறு வயதில், முட்டவந்த மாட்டைப் பார்த்து "இது எனக்குப் புடிக்கல" என்றிருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் மாடு நுரைதள்ளி விழுந்தது. அப்போதுதான் யாரோ நாக்கைப் பார்த்தார்கள். அம்மா அந்த நாக்கில் பச்சைமிளகாயைத் தேய்த்து, இனி எதைக் கேட்டாலும் பிடிக்கும் என்றுதான் சொல்லவேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். ஆறின கஞ்சியும் பிடிக்கும், கிழிந்த பாவாடையும் பிடிக்கும். பெண்பார்க்க வந்த மாயவனையும் பிடிக்கும்.

"நெஜமாவே புடிச்சுதா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? யோசிக்கவே வுடலியே."

மாயவன் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினான். சாப்பிடும்போதுகூட, இவள் குறை ஏதும் சொல்லிவிடுவாளோ என்று இவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பானாம். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. இவள் தெருவில் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளே போய்விடுவார்கள். யாரும் இவளோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டைபோடக்கூட ஆளில்லாத வாழ்க்கை என்ன வாழ்க்கை?

வகுப்பில் பிடித்ததைச் சொல்வதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. மே குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கும். சோறு மே குஸ்தா, பூ மே குஸ்தா. ஆனால் முன்னால் ஒரு நோ போட்டு, பிடிக்காது என்று சொல்லச் சொன்னால் வாய் கட்டிக்கொள்ளும். பரீட்சையிலோ அது கட்டாயம் உண்டு. இரண்டு வாரம் மன்றாடினேன். ஒருநாள் அவளே ரொம்ப யோசனையாகக் கேட்டாள்.

"நம்ப பக்கத்து சாமிக்கு இந்த பாஷ தெரியாதில்ல பாப்பா?"

"மலைய வுட்டு எறங்காத சாமி. அதுக்கு ஸ்பானிஷ் எங்கக்கா தெரியும்?"

எதிரில் பகலவனின் தகரப்பட்டறையில் டங்கு டங்கென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நோ மே குஸ்தா எல் ருயிதோ" என்றாள். இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டு, கடிக்கிற செருப்பைக் கழற்றியவள்போல் பெருமூச்சு விட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பட்டறை திறக்கவில்லை. விடியற்காலை பகலவனுக்குக் கை கால் இழுத்துக்கொண்டதாக அத்தா சொன்னார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் மட்டும், பட்டறைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் மீன் படம் போட்ட அட்டையைக் காட்டினேன். நோ மே குஸ்தா என்று கடகடவென்று சிரித்தாள். அவளுக்கு ருசி கண்டுவிட்டது. மூன்றாம் நாள் எங்கள் தெருக்கோடிக் குட்டையில் மீனெல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவைத்துப் பாடம் நடத்தினேன். கோடையில் தண்ணீர் சுண்டினால் மீன் சாகத்தான் செய்யும். அதையேதான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று மாலை படக்கட்டிலிருந்து அப்பா, அம்மா, குழந்தை, டீச்சர் படங்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"மனுஷங்க படமெல்லாம் எங்க பாப்பா?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதுக்கா."

பேட்டிக்கு முந்தின நாள், தெரிந்த வார்த்தைகளையே குழப்பினாள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன? ஒங்களுக்கெல்லாம் எதுக்கு ஸ்பெயினு?" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டென்று நிமிர்ந்து, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போனபிறகும் முதுகில் ஊறிக்கொண்டே இருந்தது.

பேட்டி மதியம் மூன்று மணிக்கு. திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். நான் கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அழகாகப் பேசினாள். சோறு பிடிக்கும், நடக்கப் பிடிக்கும், வயதானவர்களுக்குத் தலைவாரப் பிடிக்கும். என்ன பிடிக்காது என்று கேட்டதும், "நோ மே குஸ்தா எல் கலோர்" என்றாள். வெயில் பிடிக்காது. சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த வெயில் அணைந்து அறை மங்கியது. மேகம்தான். மேகம் வராதா என்ன? இருந்தாலும் எட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கடைசிக் கேள்வி கேட்டாள். உங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த டீச்சரைப் பிடிக்குமா?

அக்கா திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். வார்த்தையைத் தேடுகிறவள்போல் வாய் மெல்லத் திறந்தது. பல்லுக்குப் பின்னால் அந்தக் கறுப்பு தெரிந்தது.

நான் மோடம் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

திரையில் அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. "கரண்ட் போயிடுச்சுக்கா" என்றேன். அக்கா மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். வயர் என் கையிலேயே இருந்தது.

திரும்ப மாட்டி, திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. பாதியில் நின்றால் நின்றதுதான், மறுவாய்ப்பு கிடையாது என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். அக்கா நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, என்னப் பத்தி இன்னா சொல்ல வந்தீங்க?"

படியில் கால் வைத்தவள் நின்றாள்.

"நேத்து நீ என்னத் திட்டின பாரு, அந்த மாதிரி என்ன யாரும் திட்டுனதில்ல பாப்பா. இவ ஒருத்திதான் என்னைக் கண்டு பயப்படலன்னு வூட்டுக்குப் போயி சந்தோசமா சோறு துன்னேன்."

"இப்பச் சொல்லுங்கக்கா. என்னப் புடிக்குமா?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன். அவளும் கவனித்தாள்.

"வேணாம் பாப்பா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள்.