சாவி முழுங்கும் சாமி

அன்னாசி அண்ணே, நீங்கள் போய்விட்டீர்கள் என்ற செய்தி வந்தபோது நான் கம்பத்தில் ஒரு மெஸ்ஸில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நம் பார் வாட்ச்மேன்தான் போனில் சொன்னார். "அண்ணே தவறிட்டாகம்மா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக, அம்புட்டுத்தான்." என் கை நிற்கவில்லை. துருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடலூர் தாண்டி, குமுளி மலை ஏறும் சாலையில், ஒரு லாட்ஜின் பின்னால் இருந்த மூங்கில் பாரில் அவர் மது கலக்கிக் கொடுத்தார். முதலாளி ஏதோ தீவுக்குப் போய் வந்து, அங்கே பார்த்ததுபோலவே கட்டிய பார் அது. கீற்றுக் கூரை, சுவரில் கடல் படம், குடிக்கக் கொட்டாங்கச்சி. தேக்கடிக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அண்ணன் அன்னாசிப் பழத்தைக் குடைந்து, உள்ளே மதுவை ஊற்றி, குட்டிக் குடை ஒன்றைச் செருகித் தருவார். அதனால்தான் அந்தப் பெயர். அழகர்சாமி என்ற அவருடைய சொந்தப் பெயரை அஞ்சலி போஸ்டரில்தான் பலரும் பார்த்தோம். நான் அங்கே பாத்திரம் கழுவினேன்.

பார் வாசலில் ஒரு மரப் பொம்மை நின்றது. உருட்டு விழி, பிளந்த வாய், வரிசைப் பல். முதலாளி அழகுக்கு வைத்தது. சமையல்காரர் அதைக் காவல் சாமி என்று நினைத்து முதல் நாளே விபூதி பூசிவிட்டார். மறுநாள் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. வண்டியில் வருகிறவர்களிடம் சாவியை வாங்கி அதன் வாய்க்குள் போட்டுவிடுவார். "தெளிஞ்ச பெறகு நான் எடுத்துத் தாரேன். நீயா கைய விட்டா நான் பொறுப்பில்ல" என்பார். எத்தனை போதையிலும் ஒருவரும் கைவிட்டதில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் கூலிப் பெண்களை மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கி வருவார். அந்தப் பெண்களில் எங்கள் மகளும் ஒருத்தி. இடைப்பட்ட நேரத்தில் அவர் குடிக்க வருவது இந்த பாருக்குத்தான். நான் கழுவுகிற கொட்டாங்கச்சியில் அவர் குடித்ததும் இருக்கும்.

ஒரு மழை நாளில், நிற்க முடியாமல் நின்றுகொண்டு சாவியைக் கேட்டார். "யோவ் அன்னாசி, பொம்பளைக அங்கன நனைஞ்சுக்கிட்டு நிப்பாளுகய்யா."

அண்ணன் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நனைஞ்சா தலையத் துவட்டிக்கிருவாக. நீ ஜீப்பப் பள்ளத்துல உருட்டிவிட்டா எதைத் துவட்டுறது?"

வீட்டில் கை ஓங்குகிறவர், அங்கே பொம்மையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அண்ணன் வேறொரு ஜீப்பை அனுப்பிப் பெண்களை இறக்கினார்.

அதற்கு நிஜமாகவே சக்தி உண்டா என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணன் சிரித்தார். "அது மரம், ஆத்தா. நல்ல வார்த்தை சொன்னா உன் புருசன் கேப்பானா? மரத்துக்குப் பயப்படுறான், பயப்படட்டும். இது உன்னோட இருக்கட்டும்."

என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.

பிறகு வெள்ளைக்காரர் வரத்து நின்றது. கீற்று பொத்தலாயிற்று, சுவர்க் கடல் உரிந்தது, கொட்டாங்கச்சி போய் பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. என்னையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் மட்டும் அதே பூப்போட்ட சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, சாவிகளை வாங்கிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அங்கே போனேன். அண்ணனோடு பாரையும் முடித்துவிட்டார்கள். மூங்கிலைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். பொம்மை விறகோடு மல்லாந்து கிடந்தது. வாய் நிறைய மழைத் தண்ணீர். "வேணும்னா கொண்டு போம்மா, அடுப்புக்காகும்" என்றார் வாட்ச்மேன். ஆட்டோவில் ஏற்றி வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

இன்று மத்தியானம் இவர் குடிக்கக் கிளம்பினார். இப்போது வேறு கடை. பொம்மையைப் பார்த்து நின்றவர், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏத்தா, அண்ணேதான் போயிட்டாகளே. அவுக இல்லாம இதுக்குச் சக்தி இருக்குமா?"

இருக்கு என்றேன். சாவி உள்ளே விழுந்தது.

மேலே தோட்டத்தில் மகள் காத்திருப்பாள். போய் வாருங்கள், அண்ணே. இனி எடுத்துத் தருகிற ஆள் நான்தான். சாயங்காலம் தெளியாமல் வந்து, உங்கள்மேல் ஒருநாளும் ஓங்காத அந்தக் கையை என்முன் நீட்டினால், தர மாட்டேன் என்று எந்தக் குரலில் சொல்ல, அண்ணே?